வித்தது எந்தப் பங்கு?

பங்குச்சந்தையில் தானாக வாங்கி விற்கும் நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஆம்பூரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "மாசம் எவ்ளோ நிக்குது?" பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தின் பக்கம் நான் போவதில்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அங்கே இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள், விட்டது மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் கணக்குச் சொன்னது. பங்கை வாங்கி, டிமேட் என்ற மின்னணுக் கணக்கில் வைத்திருந்து, நான் சொல்லிவைத்த விலை வந்தால் விற்கும் பழைய வழிதான் என்னுடையது. பணம் பண்ணும் சூத்திரம் தேடுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எந்தத் தகவலை எந்த அமைப்பில் வைப்பது, யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்து வைப்பது, இதை அந்த நிரல்தான் எனக்குப் புரியவைத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வீடு வேலூரில். வேலை ஆம்பூரில், ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் ஒரு கம்பெனியில். தோல் குடோனின் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி குறியீடு ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் சரிந்தது. மறுநாள் நள்ளிரவோடு ஊரடங்கு வந்து டேனரி டிரம், கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாம் நின்றன. கையில் நேரம் இருந்தது, பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தது. என்னைப் போலவே நாடெங்கும் பலர் அந்த மாதங்களில்தான் டிமேட் கணக்குத் திறந்தார்கள்.

முதலில் எழுதியது மிக எளிமையானது. நிஃப்டியின் 50 பங்குகளுக்கும் நிமிடத்துக்கு ஒரு விலை, எல்லாம் ஒரே லிஸ்ட்டில், வந்த வரிசையிலேயே. சந்தை காலை 9.15க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு மூடுகிறது, 375 நிமிடம். ஐம்பதால் பெருக்கினால் நாள் முடிவில் 18,750 வரிகள். ஒரு பங்கின் கடைசி விலை வேண்டுமென்றால் லிஸ்ட்டைத் துழாவ வேண்டும். பாடப்புத்தகம் இதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளும்: தேடுவதற்கு லிஸ்ட்டா, டிக்ஷனரி வைத்தால் ஒரே தாவலில் கிடைக்குமே என்று.

புத்தகம் சொல்லும் விடை சரி. சொல்லும் காரணத்தைத்தான் நான் ஏற்பதில்லை. பதினெட்டாயிரம் வரியைப் புரட்டுவது இன்றைய கம்ப்யூட்டருக்குக் கண்ணிமைக்கும் வேலைகூட இல்லை. என் ஆர்டர் தரகரின் சர்வருக்குப் போய் அங்கிருந்து மும்பையில் உள்ள தேசியப் பங்குச்சந்தையை எட்டுவதற்கு ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. சந்தையின் வளாகத்துக்குள்ளேயே சர்வரை வாடகைக்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களோடு வேகத்தில் போட்டி போட ஆம்பூரில் உட்கார்ந்திருப்பவனால் ஆகாது. ஆகவே என்னைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் வேகத்துக்காக இல்லை. கேட்ட கேள்விக்குத் தப்பில்லாமல் பதில் சொல்லத்தான். லிஸ்ட்டுக்கு ஒரு கேள்விக்குத்தான் சொந்தமாகப் பதில் தெரியும்: எது முதலில் வந்தது, எது அடுத்து வந்தது. மற்றதையெல்லாம் நாம் சுற்றி வளைத்துப் பிடுங்க வேண்டும், அப்படிப் பிடுங்கும் ஒவ்வொரு இடத்திலும் பிசகு நுழையும்.

டிக்ஷனரிக்கு மாறினேன். பங்கின் பெயரைச் சொன்னால் கடைசி விலை வரும். ஆனால் எந்தப் பெயர்? சொமாட்டோ என்ற பெயரில் வாங்கியது 2025 ஏப்ரலில் சந்தைப் பட்டியலில் எடர்னல் ஆகிவிட்டது. பழைய பெயரைச் சாவியாக வைத்திருந்த நிரலுக்கு ஒரு நாள் காலையில் அந்தப் பங்கே இல்லை. சரி, ஐஎஸ்ஐஎன் என்ற 12 எழுத்து எண்ணை வைக்கலாமே என்றால், முகமதிப்பைப் பிரிக்கும்போது அதுவும் மாறுகிறது. கடைசியில் நானே ஒரு எண் கொடுத்து, அதற்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இன்ன பெயர், இன்ன ஐஎஸ்ஐஎன் என்று தனியே ஒரு சிறு அட்டவணை வைத்துக்கொண்டேன். சாவி என்பது உலகம் மாறினாலும் மாறாததாக இருக்க வேண்டும். அது வெளியே கிடைக்காவிட்டால் நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

விலையைப் பைசாவில், முழு எண்ணாக வைப்பது அடுத்தது. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, கடைசியில் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். பைசாக் கணக்கில் நகரும் சந்தையில் "விலை இதற்குச் சமமா?" என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வால் இடறும். 2024 ஜூனிலிருந்து 250 ரூபாய்க்குக் குறைந்த பங்குகள் 1 பைசா அளவில் நகர்கின்றன. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இருபது நாள் சராசரிக்கு டெக் என்ற இருமுனை வரிசை இருக்கிறது. நீளம் 20 என்று சொல்லிவிட்டால் புதியது ஒரு முனையில் நுழையும்போது மறுமுனையில் பழையது தானாக விழுந்துவிடும். கூட்டுத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு புதியதைக் கூட்டி, விழப்போவதைக் கழித்தால் சராசரி தயார். இருபது நாளின் உச்ச விலை வேண்டுமென்றால் இந்த வித்தை பலிக்காது. கூட்டியதைக் கழிக்கலாம், உச்சத்தைக் கழிக்க முடியாது. உச்சமாக இருந்த விலை விழுந்துவிட்டால் அடுத்த உச்சம் எது என்று எஞ்சியதில் தேட வேண்டும். அதற்கு ஓர் அழகான வழி உண்டு. புதிய விலை வரும்போது வரிசையின் கடைசியிலிருந்து அதைவிடச் சிறிய விலைகளையெல்லாம் நீக்கிவிடலாம். தன்னைவிடப் பிறகு வந்து தன்னைவிடப் பெரிதாகவும் இருக்கும் ஒன்று நிற்கும்வரை அவை உச்சமாக வாய்ப்பே கிடையாது. வரிசையின் தலையில் எப்போதும் உச்சம் நிற்கும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதியும் பார்த்தேன், சரியாக ஓடியது. பிறகு எடுத்துவிட்டேன். இருபது எண்ணில் பெரியது எது என்று நேராகக் கேட்டால் பைத்தான் ஒரே சொல்லில் பதில் தந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது எனக்கும் புரியும். அழகுக்காக எழுதியதை அழகுக்காகவே வைத்திருக்கும் ஆசையை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் அது ஒரு தனிக் கோப்பில் கிடக்கிறது.

இவ்வளவும் சந்தை கேட்கும் கேள்விகள். பகலில் ஓடும் நிரல் தன்னையே கேட்டுக்கொள்பவை. இன்னொரு ஆள் கேட்பார் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் கம்பெனி அக்கவுன்ட்ஸில் ஒரு பெரியவர். டேனரிக் கணக்கிலேயே தலை நரைத்தவர், எல்லாருக்கும் பாய். வருமான வரித் தாக்கல் நேரத்தில் பாதி ஊழியர்கள் அவர் மேசையைச் சுற்றித்தான் நிற்போம். என் முறை வந்தபோது நிரல் அச்சடித்த தாளை நீட்டினேன். பங்குக்கு ஒரு வரி: எண்ணிக்கை, சராசரி விலை, விற்றது, லாபம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, வித்தது எந்தப் பங்கு?"

பெயரைச் சொன்னேன்.

"பேரு தெரியுது. இதுல எதை வித்த?"

"எல்லாம் ஒண்ணுதானே பாய். நூறும் நூறும் எரநூறு இருந்துச்சு, அதுல நூத்தி இருபது வித்தேன்."

"பங்கு ஒண்ணுதான். வாங்குன தேதி ஒண்ணா?"

கணக்கை அவர் மேசையிலேயே போட்டுக் காட்டினார். எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் 100 பங்கு, ஒன்று 400 ரூபாய். 2024 டிசம்பரில் இன்னும் 100, ஒன்று 600. 2025 ஜூனில் 120 விற்பனை, ஒன்று 700. என் நிரல் சராசரி 500 என்று வைத்து லாபம் 24,000 என்றது. அவர் கணக்கில் முதலில் போனவை பழைய 100. பங்குக்கு 300 வீதம் லாபம் 30,000. ஓராண்டு தாண்டியதால் அது நீண்டகால லாபம், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியே கிடையாது. மீதி 20 புதியதிலிருந்து, பங்குக்கு 100 வீதம் 2,000; அது குறுகியகால லாபம், வரி 20 சதவீதம். மொத்தம் 32,000. கையில் மீந்த 80 பங்கின் அடக்க விலை என் தாளில் 500, அவர் தாளில் 600. லாபம் மட்டுமா வேறுபட்டது? எது நீண்டகாலம், எது குறுகியகாலம் என்ற கேள்விக்கு என் தாளில் இடமே இல்லை. இரண்டு கொள்முதலைக் கூட்டி வகுத்த கணமே தேதிகள் அழிந்துவிட்டன. எத்தனை வேகமான டிக்ஷனரியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழையதை முதலில் கழிப்பது பாயின் பழக்கமும் அல்ல, என் விருப்பமும் அல்ல, சட்டம். 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து, பங்குப் பத்திரங்கள் காகிதத்திலிருந்து டிமேட்டுக்கு மாறின. காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. இந்தப் பத்திரத்தைத்தான் விற்றேன் என்று காட்டலாம். டிமேட்டில் அந்த அடையாளம் போய்விட்டது. அதனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 45(2ஏ) பிரிவு, முதலில் வந்ததே முதலில் போனதாகக் கொள்ள வேண்டும் என்றது. 1998இல் நேரடி வரிகள் வாரியம் தன் 768ஆம் சுற்றறிக்கையில் இன்னும் துல்லியமாக்கியது: அந்த வரிசை ஒவ்வொரு டிமேட் கணக்குக்கும் தனித்தனி. கம்ப்யூட்டர் வகுப்பில் க்யூ என்று பலகையில் வரைகிறார்களே, அதைப் பாராளுமன்றமே நமக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

பஸ்ஸில் வேலூர் திரும்பும்போது என்னைக் குடைந்தது வேறொன்று. எங்கள் குடோனில் இதற்கு நேர் எதிர். பினிஷ் ஆன ஒவ்வொரு தோலும் ஒரு தனி ஆள். பின்பக்கத்தில் அதன் சதுர அடி எழுதியிருக்கும், லாட் எண் இருக்கும், செலக்ஷன் என்ற தரம் இருக்கும். ஒரே சாயத்தில் டிரம்மில் சுற்றினாலும் இந்த லாட்டும் அந்த லாட்டும் நிறத்தில் ஒரு பிசிறு தள்ளி நிற்கும். இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும். பழைய லாட்டை முதலில் எடு என்று குடோன்காரரிடம் சொன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தோலைப் பிடித்துக் காட்டி, "இத்தையும் அத்தையும் ஒரு ஜோடியில போடுறியா நீ?" என்பார். ஒன்றுபோல் ஒன்று இல்லாத தோலை அவர் பார்த்துப் பொறுக்குகிறார். ஒன்றுக்கொன்று துளி வேறுபாடில்லாத பங்குக்குச் சட்டம் வரிசை போடுகிறது. பொருளைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டிலும் தலைகீழாகத்தான் போட்டிருப்பேன். தோல் வரிசையாக வருகிறது, ஆகவே க்யூ. பங்கு எல்லாம் ஒன்று, ஆகவே ஒரே எண். பொருளின் முகம் இதில் உதவாது, கேட்கிறவரின் கேள்விதான் உதவும்.

அந்த வாரமே நிரலைப் பிரித்தேன். டிக்ஷனரியின் சாவி இப்போது இரட்டை: டிமேட் கணக்கு, பங்கின் எண். மதிப்பாக ஒரு டெக். அதில் ஒவ்வொரு கொள்முதலும் ஒரு லாட்: தேதி, எண்ணிக்கை, பைசாவில் விலை. விற்றால் தலையிலிருந்து கழியும். லாட் தீர்ந்தால் விழும், பாதியில் நின்றால் எண்ணிக்கை மட்டும் குறையும்.

கேட்க எளிது. அதற்குள் இருக்கும் முடிச்சுகள்தான் எனக்குப் பிடித்தவை. எச்டிஎஃப்சி வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் 2 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தார்கள். 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். வைத்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: பங்கு இரட்டிப்பு, விலை பாதி. வரிசைக்கு இரண்டும் வேறு. பிரிக்கும்போது ஒவ்வொரு லாட்டும் நின்ற இடத்திலேயே எண்ணிக்கையில் இரட்டிக்கும், விலையில் பாதியாகும், பழைய தேதி அப்படியே இருக்கும். போனஸோ புதிய லாட்டாக வரிசையின் கடைசியில் சேரும். தேதி ஒதுக்கீட்டு நாள், அடக்க விலை பூஜ்யம். ஒரு கட்டளை வரிசை முழுதும் நடக்கிறது, இன்னொன்று வாலில் மட்டும் தொடுகிறது. இரண்டையும் ஒரே செயலாக எழுதியவரின் குறுகியகால லாபம் ஒரு வருடம் கழித்துப் பூதமாகக் கிளம்பும்.

இன்னொரு முடிச்சு: காலையில் விற்றவுடன் வரிசையின் தலையை எடுத்துவிடக் கூடாது. அதே பங்கை அன்றே திரும்ப வாங்கிவிட்டால் அது இன்ட்ராடே. டிமேட்டிலிருந்து எதுவும் போகவில்லை, வரியில் அது யூக வணிகம், வேறு தலைப்பு. ஆகவே பகல் முழுதும் விற்றதும் வாங்கியதும் ஓர் ஓரமாகக் காத்திருக்கும். மாலை 3.30க்குப் பிறகு அன்றைய வரவு செலவைக் கழித்துப் பார்த்து, உண்மையில் டிமேட்டை விட்டுப் போவது எத்தனையோ அத்தனைக்குத்தான் டெக்கைத் தொடுவேன்.

செபி 2025 பிப்ரவரி 4 அன்று சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ வர்த்தகத்துக்கு, அதாவது நிரல் வழி வர்த்தகத்துக்கு, விதிமுறை வெளியிட்டது. விநாடிக்கு 10 ஆர்டர் என்ற எல்லையைத் தாண்டுகிறவர் தன் நிரலைப் பதிவுசெய்ய வேண்டும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றாலும், பிழையாகச் சுழலும் ஒரு லூப் போய்விடுமே! அதற்கும் ஒரு டெக்: அனுப்பிய ஆர்டர்களின் நேரம் மட்டும். ஒரு விநாடி தாண்டியவற்றைத் தலையிலிருந்து உதிர்த்துவிட்டு நீளத்தைப் பார்த்தால் போதும்.

ஹீப், சிவப்பு-கறுப்பு மரம் என்று பெரிய பெயர்களெல்லாம் ஆர்டர் புத்தகம் கட்டுவதற்கு. விலை முதலில், விலை சமமென்றால் நேரம் முதலில் என்று வரிசைப்படுத்தும் அந்த வேலையைச் சந்தையே செய்கிறது. தரகர் மூலம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேலே 5 வாங்கும் விலை, கீழே 5 விற்கும் விலை. ஐந்து வரிக்கு மரம் கட்டுகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சியாக இருக்கட்டும், தடுப்பானேன்.

பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் பற்றி ஒரு வார்த்தை. வெஸ் மெக்கின்னி 2008இல் ஏக்யூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தில் இருக்கும்போது எழுதத் தொடங்கியது அது. நம் வேலைக்கென்றே பிறந்தது. ஆனால் இரவில் உட்கார்ந்து ஆராய்வதற்குப் பிறந்தது. பகலில் ஒவ்வொரு விலையாக அதன் அட்டவணையில் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் பிரதியெடுக்கப்படும். 2023இல் வந்த 2.0 பதிப்பில் வரி சேர்க்கும் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பகலில் லிஸ்ட்டில் சேர்த்து, இரவில் ஒரே தடவையாக அட்டவணையாக்குகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் மேலே சொன்ன எதையும் நம்ப மாட்டேன். டிக்ஷனரியும் டெக்கும் நினைவகத்தில் வாழ்பவை. மதியம் கரண்ட் போனால் அவையும் போய்விடும். அதனால் நடந்த ஒவ்வொன்றும், நடந்த கணமே, கோப்பில் ஒரு வரியாக விழுகிறது: வாங்கியது, விற்றது, போனஸ், பிரிப்பு, பெயர் மாற்றம். சேர்ப்பது மட்டும்தான், அழிப்பதில்லை, திருத்துவதில்லை. தவறு இருந்தால் அதை நேர்செய்யும் இன்னொரு வரி சேரும். காலையில் நிரல் எழுந்ததும் அந்தக் கோப்பை முதலிலிருந்து படித்து மற்ற எல்லா அமைப்புகளையும் புதிதாகக் கட்டிக்கொள்ளும். பாயிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "டே புக்குல இருந்து லெட்ஜர் போடுறது. இதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு?" என்றார். பாச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494இல் வெனிஸில் வெளியிட்ட கணக்கு நூலிலும் இதே முறைதான்.

அந்தக் கோப்பு இருந்ததால்தான் சராசரியை விட்டு வரிசைக்கு என்னால் மாற முடிந்தது. பழைய கொள்முதல் தேதிகள் நிரலின் நினைவில் இல்லை, அந்த வரிகளில் இருந்தன. நாளை வேறு யாராவது வேறு கேள்வியோடு வந்தாலும், அதற்கேற்ற அமைப்பை அதே கோப்பிலிருந்து கட்டிக்கொள்ளலாம்.

உங்களிடம் இரண்டு டிமேட் கணக்கு இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பங்கை மாற்றியிருந்தால், புதிய தரகரின் வரி அறிக்கையைத் திறந்து அந்தப் பங்கின் வாங்கிய தேதியும் விலையும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பல சமயம் அந்த இடம் காலியாகக் கிடக்கும். பழைய தரகர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பழைய கணக்கை மூடுவதற்கு முன்பே அந்த நோட்டுகளையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.